யார் தொட்டாலும் எழாத கம்ப்யூட்டர்

போன வாரம் மகளின் பென்சில் பெட்டியை ஒழுங்குபடுத்தும்போது ஒரு புது ரப்பர் கையில் கிடைத்தது. பழ வாசனை சேர்த்த இந்தக் காலத்து ரப்பர் இல்லை, பழைய மாதிரி வெள்ளை ரப்பர். சும்மா மூக்கருகே கொண்டுபோனேன். அவ்வளவுதான், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் மாடி அறைக்குப் போய்விட்டேன். ரப்பரை முகர்ந்தால் எல்லோருக்கும் பள்ளிக்கூடம் ஞாபகம் வரும். எனக்கு ஒரு கம்ப்யூட்டர் ஞாபகம் வருகிறது. நோட்டில் எழுதி அழித்ததைவிட அந்தக் கம்ப்யூட்டரின் மெமரிப் பட்டையைத் தேய்க்கத்தான் நான் அதிக ரப்பர் செலவழித்திருக்கிறேன்.

எதற்குத் தேய்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். அதற்கு ஆம்பூர்க் காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனிக்குப் பக்கத்திலேயே தோல் பதனிடும் டேனரி. முதல் வாரம் அந்த வாடையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு மாதத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடும் அளவுக்குத் தேறிவிட்டேன். மூக்கு பழகிவிடும், வெள்ளிதான் பழகாது. அங்கே வேலை பார்த்த பெண்களின் கொலுசெல்லாம் கறுத்துக் கிடக்கும். பண்டிகை வந்தால் பல்பொடி போட்டுத் தேய்த்து வெளுப்பாக்குவார்கள், மறுவாரமே மறுபடி கறுத்துவிடும். கொலுசைக் கறுக்கவைத்த அதே காற்றுதான் கம்ப்யூட்டருக்குள்ளும் புகுந்து மெமரிப் பட்டையின் உலோகப் பற்களில் கரி பூசிக்கொண்டிருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு இருபத்தொரு வயது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ், கூடவே ஒரு டிப்ளமோ. சத்துவாச்சாரியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். ஏற்றுமதிப் பிரிவில் எனக்கு ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, அந்தக் கம்ப்யூட்டர். நான் சேரும்போதே அது கிழம். உள்ளே பேட்டரி செத்துப்போயிருந்ததால் ஒவ்வொரு காலையும் அது 1980ஆம் வருஷத்துக்குப் போய்விடும், கையைப் பிடித்து இந்த வருஷத்துக்கு இழுத்து வர வேண்டும். பின்பக்க விசிறி தானாகச் சுற்றாது, கம்பி இடுக்கில் ஈர்க்குச்சியை விட்டு நெம்பிவிட வேண்டும். அதிலிருந்த புரோகிராமை எழுதிக் கொடுத்தவர் துபாய்க்குப் போய்விட்டார். டிஸ்க்கை மாற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்று என்ஜினீயர் ஒருவர் பயமுறுத்தியிருந்தார்.

நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் அது அசையவே இல்லை. கீழே கன்டெய்னர் லாரி நிற்கிறது. இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் பிரின்ட் ஆகாமல் லாரி துறைமுகத்துக்குக் கிளம்ப முடியாது. என்ஜினீயர் உதட்டைப் பிதுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கு எரிச்சல் பொங்கிக்கொண்டு வந்தது. சுவிட்ச் போட்டபடியே அதன் விலாவில் ஓர் அறை விட்டேன். டக்கென்று ஒரு சத்தம். டிஸ்க் சுற்ற ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தால் பின்னால் முதலாளி.

“இன்னாமா பண்ணே?”

“ஒண்ணுமில்ல சார். தொட்டேன்.”

அடித்தேன் என்று சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். தொட்டேன் என்றதும் அவர் கண் கலங்கிவிட்டது. “கைராசிம்மா உனக்கு!” என்றார். அன்று மாலைக்குள் கம்பெனி முழுக்கச் செய்தி பரவியது. அதற்குப் பிறகு அந்த சுவிட்சை வேறு யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு. என்ஜினீயர்கூட நான் பக்கத்தில் நின்றால்தான் மூடியைத் திறக்கலாம்.

முதலில் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மாட்டிக்கொண்டேன் என்பது போகப்போகத்தான் உறைத்தது. காய்ச்சல் என்றால் வீட்டு வாசலில் கார் வந்து நிற்கும். புனித வெள்ளி அன்று மூன்று மணி நேர ஆராதனையின் நடுவே சர்ச் வாசலில் எங்கள் கம்பெனி டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நிற்பார். எங்கள் போதகர் ஐயர் பிரசங்கம் செய்துகொண்டே என்னைப் பார்ப்பார், நான் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போவேன். புது மிஷின் வாங்கலாமே சார் என்று ஒருமுறை கேட்டேன். “அதான் நீ இருக்கியேம்மா” என்றார் முதலாளி. அவர் நல்ல மனிதர், கஷ்டமே அதுதான். கெட்டவராக இருந்திருந்தால் எப்போதோ ஓடியிருப்பேன்.

ஓடவும் பார்த்தேன். சென்னையில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தலைவலி என்று லீவு சொல்லிவிட்டு, இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, காட்பாடி ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தேன். ரயில் வருவதாக அறிவிப்பும் வந்துவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் நம் டிரைவர்.

“தலவலி எப்டிம்மா கீது?” என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். பிறகு மெதுவாக, “கன்டெய்னர் வண்டி நிக்குதும்மா. மொதலாளி தவிச்சுப் போய்ட்டாரு” என்றார்.

வீட்டுக்கு வந்த டிரைவருக்கு இடம் சொல்லி அனுப்பியவர் என் அப்பாதான். மகள் இல்லாமல் ஒரு கம்பெனியே நடக்கவில்லை என்பதில் பள்ளிக்கூட வாத்தியாரான அவருக்கு அத்தனை சந்தோஷம். நான் காரில் ஏறினேன். ஏறாமல் இருந்திருக்கலாம், ஏனோ ஏறிவிட்டேன். ரயில் போகும் சத்தம் பாலத்தடி வரைக்கும் கேட்டது. ஆம்பூரில் அந்தக் கம்ப்யூட்டருக்குத் தேவைப்பட்டது விலாவில் ஒரே ஒரு தட்டு. இருபது பேர் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் தொடவில்லை. அன்று கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு, யாருக்காவது இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று முயன்றேன். யாரும் முன்வரவில்லை. கைராசியை எப்படிக் கற்றுக்கொள்வது? அப்போதுதான் சுமதி வந்தாள். நாட்றம்பள்ளிப் பெண், பெட்டிகளில் சைஸ் லேபிள் ஒட்டும் பிரிவு. பன்னிரண்டாவது முடித்திருந்தாள். ஒரு மத்தியானம் டிபன் பாக்ஸோடு என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“எனக்குக் கத்துக்குடுங்கக்கா.”

“வேணாண்டி. என்ன மாதிரி மாட்டிக்குவ.”

“மாட்டிக்கத்தாங்க்கா கேக்கறேன்” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள். தை பிறந்தால் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு மாமன் மகனுக்குக் கட்டிக்கொடுக்கப் போகிறார்கள். அவனுக்குக் குடி, மூத்த தாரம் ஏற்கெனவே விட்டுவிட்டுப் போய்விட்டாள். “எங்கப்பா எம்பேச்ச கேக்க மாட்டாரு. மொதலாளி சொன்னா கேப்பாரு. நான் இல்லன்னா இங்க நடக்காதுன்னு மொதலாளி சொல்லணும். உங்களுக்குச் சொல்றாரு இல்ல, அந்த மாதிரி.”

எனக்குச் சிறையாக இருந்த மேஜையை இவள் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கற்றுக்கொடுத்தேன். ரப்பரை எந்தப் பக்கமாகத் தேய்க்க வேண்டும், ஈர்க்குச்சியை எவ்வளவு தூரம் விடலாம், டிஸ்க் இருக்கும் விலாவில் எந்த மூலையில் விரல் முட்டியால் தட்ட வேண்டும் என்று எல்லாம். என்னைவிடப் பொறுமையாகச் செய்தாள். நான் அதை அடிப்பேன், அவள் கதவைத் தட்டுவது போலத் தட்டுவாள். ஆனால் வேலை தெரிந்தால் மட்டும் போதுமா? முதலாளி நம்ப வேண்டுமே. அதற்கு ஒரு நாடகம் போட்டோம். லாரி வந்து நின்ற ஒரு நாள், தட்ட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் தடவிக்கொண்டிருந்தேன். திரையில் பிழைச் செய்தி. முதலாளி கைக்குட்டையால் நெற்றியைத் துடைக்கிறார். லேபிள் கட்டோடு தற்செயலாக வருவது போல வந்தாள் சுமதி.

“சார், நான் தொட்டுப் பாக்கட்டா?”

“சும்மா இருமா நீ வேற” என்றேன் நான், கொஞ்சம் அதிகமாகவே நடித்து.

அவள் கையை வைத்தாள். விரல் முட்டியால் ஒரு சின்னத் தட்டு. டிஸ்க் சுற்றியது. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தே விட்டார்.

தை பிறந்தது. சுமதியின் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவளை அழைத்துப்போக வந்தார். முதலாளி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். “இந்தப் பொண்ண இட்டுனு போறதுன்னா போங்க. நானும் கம்பெனிய மூடிட்டு உங்க கூடவே வந்துடறேன்” என்றார். அந்த மனிதர் வந்த கோபம் மறந்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படியிறங்கிப் போனார். எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தது. மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சுமதி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அந்தக் கோடையில் நான் சென்னைக்கு வேலைக்குப் போனேன். யாரும் என்னை ஸ்டேஷனிலிருந்து திருப்பி அழைத்துப்போகவில்லை. உண்மையைச் சொன்னால், ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து வந்த அந்த வண்டியில் ஏறும்போது, யாராவது வருகிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். மனசு அப்படித்தான் இருக்கிறது.

சில வருஷங்கள் கழித்துக் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்ல முதலாளி போன் செய்தார். குரலில் உற்சாகம். “புது மிஷின் வாங்கிட்டேம்மா. புரோகிராமும் புதுசு. எவன் பட்டன அழுத்தினாலும் ஓடுது. பேஜாரே இல்ல.” எனக்கும் சந்தோஷமாக இருந்தது. சுமதி எப்படி இருக்கிறாள் சார் என்று கேட்டேன்.

“அவங்கப்பா கல்யாணம்னு வந்தாரும்மா. இந்தத் தடவ நான் இன்னா சொல்லி நிறுத்தறது? எத்தன வருஷம்தான் பொண்ண நமக்காகக் காக்க வெக்கிறது, பாவம். நல்ல பட்டுச்சேலையா எடுத்துக் குடுத்து அனுப்பிவெச்சேன்.” அவரே தொடர்ந்தார். “போறப்ப அந்தப் பழைய மிஷின் எங்கன்னு கேட்டுச்சு. எடைக்குப் போட்டுட்டேன்னேன். அப்டியே அழுதுடுச்சும்மா. இரும்புக்குப் போய் ஒரு பொண்ணு அழுவாளா?”

ஆமாம் சார் என்றேனோ, இல்லை சார் என்றேனோ, நினைவில்லை.

முதலாளி இப்போது இல்லை. கம்பெனியும் கைமாறி, இடிபட்டு, அந்த இடத்தில் வரிசையாகக் கடைகள் வந்துவிட்டன. நாட்றம்பள்ளியைத் தாண்டி எத்தனையோ முறை காரில் போயிருக்கிறேன். இறங்கி விசாரித்தால் யாராவது சொல்வார்கள். என்ன சொல்வார்களோ என்ற பயத்தில் இறங்கியதில்லை. அந்த மாடி அறையிலிருந்து தப்பித்தால் போதும் என்று நான் கிடந்த அதே நாட்களில், அவள் தப்பித்து வந்து ஒளிந்துகொள்ள உலகத்தில் அந்த ஓர் அறைதான் இருந்தது.