அங்கிளின் அமெரிக்கப் பாட்டு

மெல்பேர்ணின் நோபிள் பார்க் பகுதியில் எங்கள் வீட்டுப் பின்னறையில் குடியிருந்த அங்கிள் அமெரிக்காவைக் கண்டதே இல்லை. இலங்கையிலிருந்து படகில் ஆஸ்திரேலியாவுக்கு வந்து சேர்ந்தவர்; கோழித் தொழிற்சாலையில் வேலை. ஆனால் அவர் ஆங்கிலம் பேசினால் டெக்சஸ் மாட்டுப்பண்ணையில் பிறந்தவர் போலிருக்கும். அமெரிக்க ‘கண்ட்ரி’ பாட்டுகளைக் கேட்டுக் கேட்டே அந்த மொழியைப் பிடித்திருந்தார். வேலையிடத்தில் அவரைக் ‘கௌபாய்’ என்று கேலி செய்தார்கள். அதை ஒரு பட்டம் போல வீட்டில் வந்து சொல்வார்.

“அமெரிக்கன் எதைப் பற்றிப் பாடுறான் தெரியுமே பிள்ளை? தாய், நாய், ட்ரக். வேற ஒண்டுமில்லை. எங்கட ஆக்கள்தான்.”

பள்ளியில் நாங்கள் ஆடிய அமெரிக்கப் பாட்டுகளில் தாயும் இல்லை, நாயும் இல்லை. ஆனாலும் சனிக்கிழமைகளில் அவர் கார் கழுவும்போது நானும் சேர்ந்து பாடுவேன். பெரும்பாலும் ஒரே பாட்டு. ட்ரக் ஓட்டுகிற ஒருவன் பாலைவனத்தைத் தாண்டித் தாயின் வீட்டுக்குப் போவான். எனக்கு அது மனப்பாடம்.

எனக்கு ஒன்பது வயதானபோது அவருடைய விசா வழக்கு தோற்றது. குசினியில் சமைத்தபடி பெரியவர்கள் அதைக் கதைத்தது காதில் விழுந்தது. கிரிக்கெட் போலத்தானே, அடுத்த முறை வெல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவர் இறந்துபோனார். நெஞ்சுவலி என்று எனக்குச் சொன்னார்கள்.

செத்தவீட்டுக்கு அவருடைய சொந்தக்காரர் யாரும் வரவில்லை. முல்லைத்தீவிலிருந்து அவர் அம்மா மட்டும், என் அப்பா ஒரு கதிரையில் சாய்த்து வைத்திருந்த போனில், வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். தேவாரம் முடிந்ததும் அப்பா அந்தப் பாட்டைப் போடச் சொன்னார்.

“செத்தவீட்டில வெள்ளைக்காரன்ர பாட்டோ?” என்றார் கோயில்காரர் ஒருவர்.

“அவன் இஞ்ச சந்தோசமாக் கேட்டது இது ஒண்டுதான்” என்றார் அப்பா.

கிற்றார் ஒலித்தது. போனிலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. “என்னவாம் பாட்டு? ஆராவது சொல்லுங்கோவன்.”

அந்த வரிகள் தெரிந்தது எனக்கு மட்டும்தான். அப்பா என்னைப் பார்த்தார். நான் போய்க் கதிரையின் முன்னால் முழங்காலில் நின்று, வரி வரியாகச் சொன்னேன். பாலைவனத்துக்குத் தமிழ் தெரியாமல் ‘மண் காடு’ என்றேன்.

“அம்மா, நான் வந்துகொண்டிருக்கிறன். பெரிய மண் காடு. விடியிறதுக்குள்ள வந்திடுவன். கதவைப் பூட்டிப்போடாதேங்கோ.”

அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த பெட்டியைப் பார்த்துச் சொன்னார்.

“பூட்டேல்ல ராசா. ஒருநாளும் பூட்டேல்ல.”

மண்டபத்தில் ஆண்கள் விம்மினார்கள். நான் ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று பயந்துபோனேன்.

இலங்கைக்குத் திரும்பிப் போனால் பிடிப்பார்கள், இங்கே இருக்கவும் விடமாட்டார்கள். அப்படியொரு நிலையில் ஒரு மனிதன் இருக்க முடியும் என்பது எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின. நெஞ்சுவலி இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. அன்று செத்தவீடு முடிந்து காரில் வரும்போது எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

“சிறிலங்காவுக்கு பிளேன் போகுதுதானே அப்பா? அங்கிள் ஏன் போகேல்ல?”

அப்பா காரை ஓரமாக நிறுத்தினார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். லொறிகள் இரைந்து போயின. அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லையாக்கும் என்று, நான் இன்னும் உரத்துக் கேட்டேன்.