மேகத்துக்குள் இரண்டு குரல்கள்

ஈரம் காயாத பாறையில் கன்னத்தை வைத்துப் படுத்தால் கல்லுக்குள்ளிருந்து ஒரு குளிர் மெல்ல ஏறி வந்து காதைத் தொடும். கூடவே பாசியும் பச்சைப்புல்லும் கலந்த ஒரு வாசனை, அதற்குப் பெயர் கிடையாது. அந்தக் குளிரை நான் ஒரே ஒரு நாள்தான் அப்படிக் கன்னத்தில் வாங்கியிருக்கிறேன். இத்தனை வருஷம் கழித்தும் காய்ச்சலில் படுத்திருக்கும்போதோ, நீண்ட பயணத்தில் பேருந்து ஜன்னலில் தலை சாயும்போதோ, அது திரும்பி வந்து கன்னத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த எனக்கு அதுவரை உயரம் என்றால் பாலம்தான். கடலும் காயலும் சமமாகக் கிடக்கிற ஊரில், சுக்கும் மிளகும் மணக்கிற ஒரு சந்தில், அப்பாவின் அண்ணன் குடும்பமும் நாங்களும் ஒரே வீட்டில் இருந்தோம். தலைமுறைகளாக அங்கே இருக்கிற தமிழ்க் குடும்பம். பேச்சில் பாதி மலையாளம். அம்மா மட்டும் வேறு தமிழ் பேசுவாள். அவள் இடுக்கி மலையில் ஏலத்தோட்ட வேலைக்காரர் ஒருவரின் மகள். அம்மா 'அங்கிட்டு', 'இங்கிட்டு' என்று சொல்லும்போதெல்லாம் பெரியம்மா சிரிப்பார். அம்மாவும் சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த தடவை அந்த வார்த்தையை விழுங்கிக்கொள்வாள். நான் பார்த்து வளர்ந்த அம்மா, குரல் தாழ்ந்தவள், மெதுவாக நடப்பவள், புழுக்கத்தில் எப்போதும் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருப்பவள்.

பெரியப்பா மகளின் கல்யாணம் வீட்டில் நடந்துகொண்டிருந்த வாரத்தில் அம்மாவின் அப்பா இறந்துபோனார். செய்தி போனில் வந்தது. எடுத்தது பெரியப்பா என்று வீட்டில் சொன்னார்கள். கல்யாண வீட்டில் தீட்டு கூடாது, காரியம் முடியட்டும் என்று பெரியவர்கள் தீர்மானித்தார்கள். அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. பெண்ணை அனுப்பிவைத்து, பந்தல் பிரித்த பிறகு சொன்னார்கள். அம்மா மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது தாத்தாவை அடக்கம் செய்த மண் காய்ந்து வெடித்திருந்ததாம். திரும்பி வந்தவள் யாரிடமும் சண்டை போடவில்லை. சமைத்தாள், துவைத்தாள், எனக்குத் தலை பின்னிவிட்டாள். மாதக்கணக்கில் அப்படியே இருந்துவிட்டு, என் பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடிய மறுநாள் என்னையும் ஒரு பையையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மலையில் முருகேசன் மாமாவின் வீட்டில் இருந்தோம். அம்மாவின் தம்பி அவர். தகரக்கூரை, வாசலில் ஒரு கொய்யா மரம், எதிரே எழுந்து நிற்கிற காடு. அங்கே அம்மா சத்தமாகப் பேசினாள். என் விடுமுறை கனவு போலப் போனது. ஆனால் மாமாவும் அம்மாவும் அடுப்படியில் பேசிக்கொண்டிருந்தது ஒருநாள் என் காதில் விழுந்தது. "இங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துரலாம்க்கா" என்றார் மாமா. அம்மா அடுப்பில் விறகைத் தள்ளினாள். இங்கேயே இருந்துவிட வேண்டும், அப்பாவிடம் போக வேண்டும் என்று எனக்கு இரண்டு ஆசைகளும் சேர்ந்து வந்தன, இரண்டு பயங்களும் சேர்ந்து வந்தன.

பள்ளிக்கூடம் திறக்கச் சில நாள் இருக்கும்போது அப்பா வந்தார். சுக்குக் கிடங்கில் எடை பார்க்கிறவர். கனத்த உடம்பு, சாந்தமான முகம். கட்டிலின் ஓரத்தில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு, "ஸ்கூல் திறக்கப் போகுது, வேலம்மா" என்றார்.

"நாளைக்கு நான் மேல பாறைக்குப் போறேன்" என்றாள் அம்மா. "வரணும்னா வாங்க. பேசுறதை அங்க வச்சுப் பேசிக்கலாம்."

மேல் பாறை என்பது அந்த மலையின் தலை. காட்டைத் தாண்டி, புல்மேட்டைத் தாண்டி, வானத்துக்குள் தள்ளிக்கொண்டு நிற்கிற கருங்கல். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா தன் அப்பாவோடு அடிக்கடி போன இடம். அப்பா அதை ஜன்னல் வழியாகப் பார்த்தார். "அது வரைக்குமா?" என்று கேட்டார். பிறகு, "வரேன்" என்றும் அவரே சொல்லிக்கொண்டார்.

விடியும்போதே கிளம்பினோம். வாழையிலையில் கட்டிய வேகவைத்த கப்பைக்கிழங்கும் காந்தாரி மிளகாய்த் துவையலும் மாமாவின் தோளில். அட்டை கடித்தால் வைக்க ஒரு துணியில் உப்பு. ஏலச்செடிகளுக்கு நடுவே போகும் வரை வழி நல்ல வழியாக இருந்தது. பிறகு மரங்கள் நெருங்கி வந்து வெளிச்சத்தைப் பச்சையாக்கின. கோடைமழை பெய்து முடித்திருந்த காடு. இலைகள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. எங்கோ ஓடை ஓடுகிற சத்தம் ஒரு பக்கம் கேட்கும், கொஞ்ச தூரம் போனால் மறுபக்கம் கேட்கும், ஓடை மட்டும் கண்ணில் படாது. "மேல பாக்காத பாப்பா, காலைப் பாத்து நட. மேல இருக்கிறது எங்கயும் போயிராது" என்று மாமா சொல்லிக்கொண்டே வந்தார்.

அம்மா முன்னால் போனாள். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, வேர்களில் கால் வைத்து, பாறைகளில் கை ஊன்றாமல் ஏறினாள். அது என் அம்மாதானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அப்பா வெகுதூரம் பின்னால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாமா வெட்டிக்கொடுத்த கம்பில் சாய்ந்து சாய்ந்து வந்தார். நான் ஓடி அம்மாவைப் பிடிப்பேன். பிறகு அப்பா தனியாக வருகிறாரே என்று நிற்பேன். யாருடன் போனாலும் மற்றவரை விட்டுவிட்டதுபோல் ஆகிவிடும் என்று எனக்குள் ஒரு கணக்கு. அதனால் அந்த நாளில் பெரும்பாலும் நான் இருவருக்கும் நடுவிலேயே நடந்தேன், முன்னால் ஒரு சேலையின் மஞ்சள் தெரிகிற, பின்னால் ஒரு கம்பின் டக் டக் கேட்கிற தூரத்தில்.

மரங்கள் விலகி ஒரு பாறை வந்தது. கீழே தேயிலைத் தோட்டங்கள் பச்சைப் பாய்களை விரித்ததுபோல் கிடந்தன. அப்பா வந்து சேர்ந்ததும் முகம் மலர்ந்து உட்கார்ந்தார். "பரவாயில்லை, வந்துட்டோம்" என்றார்.

"இது இல்ல மச்சான்" என்று மாமா மேலே கை காட்டினார். "அந்தா, அது."

அப்பா அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கொஞ்சம் நிக்கட்டும். மூச்சு கிட்டலை" என்றார். அவர் கணுக்காலில் அட்டை கடித்து இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அம்மா பார்த்தாள். உப்புத் துணியை என் கையில் கொடுத்து, "உங்கப்பாகிட்ட குடு" என்றாள். பக்கத்தில்தான் இருந்தார் அப்பா.

அதற்கு மேலே காடு குள்ளமாகி, புல் என்னை விட உயரமாக வளர்ந்திருந்தது. பிளந்து பிளந்து நடந்தோம். வெயில் முதுகில் ஏறியது. என் கால்கள் என்னுடையவை போலவே இல்லை. கப்பையை நின்றபடியே தின்றோம். புல்மேடு முடிகிற இடத்தில் தொடங்கியது கடைசிப் பாதை: எருமை முதுகு போல வளைந்து உயர்கிற நீண்ட பாறை, இரண்டு பக்கமும் சரிவு. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கடந்தாள். மாமாவும் எங்களோடு அக்கரை சேர்ந்தார். அப்பா நடுவில் வரும்போது கிழக்கேயிருந்து மேகம் ஏறி வந்தது.

அது வந்ததை இன்னும் என்னால் பார்க்க முடிகிறது. சத்தமே இல்லாமல், பால் பொங்குவதுபோல், சரிவில் நிரம்பி, பாறை மேல் வழிந்து, அப்பாவின் காலை மறைத்து, இடுப்பை மறைத்து, பிறகு அவரையே இல்லாமல் ஆக்கியது. "எனக்குக் கால் வரலை" என்று அவர் குரல் மட்டும் வந்தது. "உக்காந்துட்டேன். எந்திரிக்க முடியலை."

மாமா எழுந்தார். "நீ பிள்ளையைப் பிடிச்சுக்க. நான் போறேன்" என்று சொல்லிவிட்டு அம்மா அந்த வெள்ளைக்குள் இறங்கிப் போனாள். நான் பாறையில் குப்புறப் படுத்துக் கன்னத்தை வைத்துக்கொண்டேன்; மாமாவின் கை என் முதுகில் இருந்தது. உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்தக் கல்லும் கையும் இரண்டு குரல்களும் மட்டும்தான். குரல்கள் எவ்வளவு பக்கத்தில் கேட்டன என்பது ஆச்சரியம்.

"எந்திரிங்க."

"ஒரு காரியம் சொல்லட்டா வேலம்மா."

"சொல்லுங்க."

"செய்தி வந்த அன்னைக்குப் போனை எடுத்தது அண்ணன் இல்லை. நான்தான் எடுத்தேன். முருகேசன் என்கிட்டதான் சொன்னான். நான்தான் போய் அண்ணன்கிட்ட கேட்டேன், சொல்லட்டுமான்னு. வேண்டாம்னார். நானும் சரின்னுட்டேன்."

என் முதுகில் இருந்த மாமாவின் கை அசையவில்லை. அவருக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அக்காவிடம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். மேகம் மெல்ல என் தலைமுடியில் துளித்துளியாக இறங்கியது. அம்மா அப்படியே திரும்பி வந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"எங்கப்பா கேட்டுக்கிட்டே கெடந்துச்சாம்" என்றது அவள் குரல், கோபமே இல்லாமல். "வேலம்மா வந்துட்டாளா, வேலம்மா வந்துட்டாளான்னு. உசுரு போறவரைக்கும். நான் அப்போ உங்க வீட்டு அடுப்படியில பப்படம் பொரிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். அன்னைக்கு நீங்க வந்து, நல்லா மொறுமொறுன்னு இருக்குன்னு சொல்லி எடுத்துத் தின்னீங்க. எனக்கு ஞாபகம் இருக்கு. தெரிஞ்சுக்கிட்டேதான் தின்னீங்க."

அப்பா அழுகிற சத்தத்தை நான் அன்றுதான் முதலில் கேட்டேன். பெரிய சத்தம் இல்லை. மூச்சு வாங்குவதுபோல்தான் இருந்தது.

"அழுவாதீங்க" என்றாள் அம்மா. "கண்ணு தெரியாது, பாறை வழுக்கும். இந்தாங்க, கையைப் புடிங்க. மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. புடிக்காட்டி விழுந்துருவீங்க, அதுக்குத்தான்."

கொஞ்ச நேரத்தில் வெள்ளைக்குள் ஒரு மஞ்சள் தெரிந்தது. அம்மா முன்னால், அப்பா குழந்தை மாதிரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால், கம்பு இல்லாமல்.

உச்சியில் மேகம் எங்களுக்குக் கீழே இருந்தது. பிறகு அது கிழிந்தது. கிழக்கே தமிழ்நாட்டுச் சமவெளி, கட்டம் கட்டமாக, வெயிலில். மேற்கே மலைக்குப் பின்னால் மலை, நீலத்துக்குப் பின்னால் இன்னும் வெளிறிய நீலம், கடைசியில் எது மலை எது வானம் என்று சொல்ல முடியாத ஒரு கோடு. அந்தக் கோட்டைக் காட்டி மாமா சொன்னார்: "அக்காவைக் கட்டிக் குடுத்த பொறவு அப்பா வேலை ஒழிஞ்சப்பல்லாம் இங்கதான் வரும் மச்சான். அந்தா தெரியுதே, அதான் கொச்சிக் கடலுன்னு சொல்லும். பாத்துக்கிட்டே உக்காந்திருந்துட்டு எறங்கிரும்."

அப்பா உற்றுப் பார்த்தார். "கடல் தெரியாதே இங்கேருந்து" என்றார் மெதுவாக.

"தெரியாதுதான்" என்றார் மாமா.

அப்பா, தாத்தா உட்காரும் இடம் எது என்று மாமாவிடம் கேட்டு, அதற்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, அந்தத் தெரியாத கடலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா எழுந்து, "வெளிச்சம் இருக்கும்போதே எறங்கணும்" என்று சொன்ன பிறகுதான் அசைந்தார்.

இறங்குவது ஏறுவதைவிடக் கடினமாக இருந்தது. அந்தி விழும்போது வீடு சேர்ந்தோம். மறுநாள் அப்பா தனியாகவே ஊருக்குப் போனார். பள்ளிக்கூடம் திறந்தது, நான் போகவில்லை. மழை பிடித்துத் தகரக்கூரை நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தது. ஒருநாள் அப்பா மறுபடி வந்தார், மட்டாஞ்சேரி வீட்டை விட்டு வந்துவிட்டதாகவும், கொச்சியிலேயே பள்ளுருத்தியில் சின்னதாக ஒரு வீடு பிடித்திருப்பதாகவும் சொன்னார். "அண்ணன்கிட்ட என்ன சொன்னீங்க?" என்று அம்மா கேட்டாள். "நான் செஞ்சது தெத்து, தப்புன்னு சொன்னேன். அவர் செஞ்சதும்தான்னு சொன்னேன்" என்றார். அம்மா எழுந்து துணிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள்.

பள்ளுருத்தி வீட்டில் அம்மா சத்தமாகப் பேசினாள். 'அங்கிட்டு', 'இங்கிட்டு' எல்லாம் தாராளமாக வந்தன. தாத்தா இறந்த மாதத்தில் ஒவ்வொரு வருஷமும் மூவரும் மலைக்குப் போனோம். அப்பாவின் முழங்கால் சம்மதிக்கிற வரைக்கும் அந்தப் பாறை முதுகை அவர் கடந்தார். பழகிவிடவில்லை, ஒவ்வொரு முறையும் நடுவில் நின்றுவிடுவார், அம்மா திரும்பி வருவாள்.

அப்பா போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. காக்கநாட்டில் வேலையும் குடும்பமுமாக இருக்கிற நான், போன மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு மலைக்குப் போனேன். காட்டுவழி இப்போது இல்லை. நடப்பவர்கள் நின்றுபோனதும் புதர் அதை வாங்கிக்கொண்டுவிட்டது. எங்கே நுழைவோம் என்றுகூட எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. மறுபக்கமாக ஜீப் ரோடு போட்டிருக்கிறார்கள். எலும்பு குலுங்கக் கொஞ்ச நேரம் போனால் புல்மேட்டின் தலையில் இறக்கிவிடுகிறார்கள். எருமை முதுகுப் பாறைக்கு இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, கால் வைக்கச் சிமென்ட் படி. கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள் அதில் ஓடினார்கள். யாருக்கும் யாருடைய கையும் தேவைப்படவில்லை.

அம்மா கம்பியைப் பிடிக்காமல் மெதுவாகக் கடந்து, உச்சியில் மேற்கே பார்த்து உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று மேகம் இல்லை; அந்த வெளிறிய கோடு வரைக்கும் எல்லாம் தெளிவாக இருந்தது. ஜீப் ஓட்டி வந்த பையன் சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்து, "போட்டோ எல்லாம் எடுத்தாச்சில்லே சேச்சி? போகாமா?" என்று என்னிடம் கேட்டான்.

அம்மா திரும்பாமலேயே சொன்னாள். "கொஞ்சம் இருப்பா. நடந்து வந்திருந்தா நாங்க இன்னும் வந்தே சேந்திருக்க மாட்டோம்."