நான் மூடிக் காத்த உடம்பு

நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. அந்த உடம்பின் மேல் படுத்தவன் நான். அந்த நாற்றத்தை மூக்கால் இழுத்தவனும் நான். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

என் பெயர் அர்ச்சுனன். மலேசியாவில் ஆயர் தாவார்காரன். ராணுவத்தை விட்டு வந்தபின் ஈப்போவில் ஒரு தனியார் பாதுகாப்பு நிறுவனத்தில் சேர்ந்தேன். சண்டை நடக்கும் நாடுகளில் தூதர்களுக்குக் காவலாகப் போகிற வேலை. நல்ல வேலை. இரண்டு வருடம் காத்திருந்தேன். போன நவம்பரில் ஓர் அரபு நாட்டுக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். கடைசிப் பயிற்சி ஒன்றுதான் பாக்கி.

சிலிம் ரிவர் பக்கம், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடம். இப்போது சுற்றிலும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. பழைய தோட்ட ஆஸ்பத்திரி மட்டும் கூரை சரிந்து நிற்கிறது. குண்டு வெடித்து, தூதர் காயத்தோடு அதற்குள் கிடக்கிறார் என்று வைத்துக்கொள்ள வேண்டும். நானும் என் கூட்டாளி தேவனும் அவரைத் தூக்கி வேனில் போட வேண்டும். வேன் ஓடும்போது நான் அவர்மேல் குப்புறப் படுத்து, என் உடம்பால் மூட வேண்டும். என்ன நடந்தாலும் எழக்கூடாது. தூதராக நடிக்க எங்கள் அலுவலகத்து ஹரிஷாந் வருவான் என்று பயிற்சியாளர் பூபாலசிங்கம் சொல்லியிருந்தார்.

மாலை நான்கு மணி. நல்ல மழை. உள்ளே நுழைந்தோம். மூலையில், தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ஓர் ஆள் சுருண்டு கிடந்தான்.

முதலில் வந்தது நாற்றம். அழுகிப்போன ரப்பர்க் கட்டிப்பால் நாற்றம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அதற்குள் ரப்பர்ப் பாலை உறைய வைக்கிற ஆசிட்டின் காரம்.

"என்னத்த மச்சான் பூசிட்டு வந்திருக்கான் இவன்?" என்றான் தேவன்.

"தூக்கு லா. அப்புறம் கேக்கலாம்."

தார்ப்பாயோடு தூக்கினோம். உடம்பு கொழகொழவென்று இருந்தது. அக்குளில் கை கொடுத்தேன். விரல்கள் உள்ளே போயின... போய்க்கொண்டே இருந்தன. கையை மாற்றிப் பிடித்தேன்.

வேனில் கிடத்தினோம். தேவன் ஓட்டினான். நான் மேலே படுத்தேன்.

என் கன்னம் அவன் கன்னத்தில். ஈரம். சில்லிப்பு. அவன் உதட்டில் வெள்ளையாக ஏதோ உறைந்து தொங்கியது. அவன் விட்ட மூச்சு என் வாய்க்குள் வந்தது. குமட்டியது. விழுங்கிக்கொண்டேன்.

களுக்... களுக்...

அவன் தொண்டையில் ஏதோ புரண்டது.

"எந்திரிக்காதீங்கண்ணே."

ஹரிஷாந் என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவான்.

வாக்கிடாக்கி கரகரத்தது. பூபாலசிங்கம்.

"அர்ச்சுனன், எங்க போறீங்கள்? ஹரிஷாந் இப்பதான் வந்து இறங்கினவன். எனக்குப் பக்கத்தில நிக்கிறான்."

தேவன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான்.

"மச்சான்... அப்ப அது யாரு?"

என் காலரை ஒரு கை பிடித்தது.

"எந்திரிக்காதீங்கண்ணே... யாருமே தொட மாட்டேங்கிறாங்க."

எழுந்துவிட்டேன்.

பயத்தில் இல்லை. அருவருப்பில்.

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தேன். திரும்பினேன்.

தார்ப்பாய் தட்டையாகக் கிடந்தது.

நான் அந்த நாட்டுக்குப் போகவில்லை. இன்னொருவர் மேல் படுக்க இனி என்னால் முடியாது. கையை மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தேன், தோல் உரியும்வரை. தேநீரில் பாலாடை மிதந்தால்கூடக் கொட்டிவிடுகிறேன்.

இரண்டு வாரம் கழித்து பூபாலசிங்கம் ஈப்போவுக்குக் கூப்பிட்டார். பயிற்சி வேனுக்குள் கேமரா இருந்திருக்கிறது.

"நான் ஒண்டும் சொல்ல மாட்டன். நீங்களே பாருங்கோ," என்றார்.

பார்த்தேன். வேன் தரையில் தார்ப்பாய் மட்டும். தட்டையாக. அதன்மேல் நான் குப்புற.

ஆனால் என் நெஞ்சு தரையில் படவில்லை. ஒரு சாண் இடைவெளி. அதற்குள் வெளிச்சம் தெரிந்தது.

பிறகு எழுகிறேன். வாந்தி எடுக்கிறேன். வேன் நிற்கிறது. கதவைத் திறந்து இறங்குகிறேன். திறந்த கதவு வழியே, மழையில் நான் நடப்பது தெரிகிறது.

என் காலர் மட்டும் தரையை நோக்கி விறைப்பாக இழுபட்டிருந்தது. நான் படத்தை விட்டு மறையும்வரை.