சனிக்கிழமைத் தோட்டாக்கள்

அந்தக் காலத்தில் எனக்குத் தலைக்கனம் அதிகம். சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் டூல் ரூம் ஃபிட்டராக இருந்தேன். ஒரு இரும்புத் துண்டை விரலால் தடவியே அதன் மேடு பள்ளத்தைச் சொல்லிவிடுவேன் என்று ஊரார் சொன்னதைவிட நானே அதிகம் சொல்லிக்கொண்டேன். எழுபதுகளின் கடைசி அது. டவுன்ஷிப்பின் ஓரத்தில், முந்திரிக்காட்டை ஒட்டி, சிலர் சேர்ந்து அனுமதி வாங்கித் துப்பாக்கி சுடும் கழகம் ஒன்று நடத்தினார்கள். ஒரு மண்மேடு, ஒரு தகரக் கொட்டகை, பத்துப் பதினைந்து உறுப்பினர்கள். அவ்வளவுதான் கழகம்.

அதை நடத்தியவர் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று எங்கள் செக்யூரிட்டியில் சேர்ந்த சுபேதார். வேலூர்ப் பக்கத்துக்காரர். கடைத் தோட்டா கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்ததால், சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டையே மறுபடி நிரப்பிக்கொள்ள அவர் முறைப்படி அனுமதி வாங்கி வைத்திருந்தார். நிரப்ப நல்ல கை வேண்டும். என் கையைப் பிடித்தார்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பித்தளைக் கூட்டின் அடியில் பழைய கேப்பைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிய கேப்பை அமுக்க வேண்டும். பிறகு வெடிமருந்து, அதன் மேல் குண்டு. கேப்பு என்பது துவரம்பருப்பு அளவே உள்ள ஒரு சின்ன மூடி. ரிவால்வரின் சுத்தி அதன் முதுகில் அடித்தால்தான் பொறி கிளம்பி மருந்து பற்றும். பொறி கிளம்பாவிட்டால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அத்துடன் சரி.

எனக்கு வார ஓய்வு சனிக்கிழமை. காலையில் நல்லெண்ணெய் தேய்த்து ஊறி, சீயக்காய் போட்டுக் குளித்து, ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு மதியம் கொட்டகைக்குச் சைக்கிளை மிதிப்பேன். குளித்து முழுகிச் சுத்தமாகத்தான் தோட்டாவைத் தொடுகிறேன் என்பதில் எனக்கு ஒரு பெருமை வேறு. சனிக்கிழமை முடியாததை வாரத்தில் ஏதாவது ஒரு சாயங்காலம் போய் முடிப்பேன். எந்த நாளில் நிரப்பியது என்று டப்பாவில் எழுதி ஒட்டுவேன். வெடிக்காத தோட்டாவுக்கு அந்தச் சீட்டிலேயே சுபேதார் ஒரு கோடு போடுவார்.

கொட்டகைச் சுவரில் ஒரு பலகையும் நானே எழுதி மாட்டினேன். தோட்டா வெடிக்காவிட்டால் துப்பாக்கியை மேட்டைப் பார்த்தே பிடித்துக்கொண்டு முப்பது எண்ண வேண்டும். சில தோட்டாக்கள் யோசித்துவிட்டுத் தாமதமாக வெடிக்கும், அதற்குத்தான் இந்த விதி. சுபேதார் எல்லோரையும் வாய்விட்டு எண்ண வைத்தார். அவரும் எண்ணுவார்.

நிரப்பியதை உடனுக்குடன் சுட்டுத் தீர்த்த முதல் ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. அதன்பின் டப்பாக்கள் சேரச் சேர, அங்கொன்று இங்கொன்றாக 'டிக்' வர ஆரம்பித்தது. "என்னா தம்பி, உன் தோட்டா விரதம் இருக்குதா?" என்று சுபேதார் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "உங்க ரிவால்வர்ல ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு சார். அடி விழல" என்றேன். பார்க்காமலேயே சொன்னேன். என் வேலையில் தப்பு இருக்கும் என்று தேடிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அவர் நம்பி ஸ்பிரிங்கை மாற்றினார். அதற்குப் பிறகும் இரண்டு 'டிக்' வந்தது. தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தேடாமல் இருந்தேன்.

அது ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். தலையில் எண்ணெய் வழிய எங்கள் குவார்ட்டர்ஸ் கேட்டருகே நின்றுகொண்டிருந்தேன். வெறிநாய் ஒன்று பிளாக்குக்குள் சுற்றுகிறது என்று ஒரே கூச்சல். செக்யூரிட்டி ஜீப் வந்தது. சுபேதார் இறங்கினார். நாய்க்கு எதற்குக் கடைத் தோட்டா என்று எங்கள் தோட்டாவைத்தான் போட்டு வந்திருந்தார். நாய் எச்சில் ஒழுக, கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு எதிரே வந்தது. அவர் நின்று நிதானமாகக் குறிவைத்தார்.

டிக்.

அதே நேரம் வேலி முனையைத் திரும்பி மோர்க்காரம்மா வந்தார். பக்கத்துக் கிராமமான வடக்குத்தில் இருந்து தலையில் மோர்ப்பானைக் கூடையோடு தினமும் எங்கள் வரிசைக்கு மோர் கொண்டுவருபவர். நாற்பது வயதிருக்கும். நான் கத்தினேன். சுபேதார் அசையவில்லை. அவர் உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நான்கில் விழித்துக்கொண்டு மறுபடி அழுத்தினார். டிக். மூன்றாவது வெடித்தது. நாய் விழுந்தது. அதற்குள் அது அந்த அம்மாளின் கெண்டைக்காலைக் கவ்வியிருந்தது. பானை உடைந்து மோர் தார் ரோட்டில் ஓடியது.

பதினான்கு நாள், தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. சுபேதார் தானே வண்டி ஏற்பாடு செய்து தினமும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ஊசி போட்டாலும் சொல்ல முடியாது, நாய்வெறி மூன்று மாதத்திலும் வரலாம், வருஷம் கழித்தும் வரலாம், தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுக்க ஆரம்பித்தால் கதை முடிந்தது என்று பேசிக்கொண்டார்கள்.

அப்போதுதான் தேடினேன். வெடிக்காத இரண்டு தோட்டாக்களையும் வாங்கிப் பார்த்தேன். கேப்பின் முதுகில் சுத்தி விழுந்த குழி ஆழமாக இருந்தது. ஸ்பிரிங் மேல் பழி இல்லை. கேப்பு சரியாக அமுங்கியிருக்கிறதா என்று மட்டம் பார்க்கும் நேர்க்கட்டை வைத்துப் பார்த்தேன். இம்மியும் பிசகவில்லை. என் கை நல்ல கை. பிறகு ஏன்? டப்பாச் சீட்டுகளைப் பார்த்தேன். 'டிக்' வந்தது எல்லாம் சனிக்கிழமை டப்பா. வாரத்துச் சாயங்காலங்களில் நிரப்பியதில் ஒன்றுகூட இல்லை.

கொட்டகை மேசையில் நான் கேப்புகளைக் கொட்டிப் பரப்பும் செய்தித்தாள் கிடந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பஜ்ஜி மடித்த தாள் போல அங்கங்கே பளபளவென்று திட்டுகள். யோசிக்கும்போது தலைமுடியைக் கோதுவது என் பழக்கம். சீயக்காய்க்குத் தப்பிய நல்லெண்ணெய் முடியில் இருந்து விரலுக்கும், விரலில் இருந்து கேப்புக்கும் போயிருக்கிறது. துளி எண்ணெய் நாள்பட உள்ளே ஊறினால் போதும், பொறி செத்துவிடும். என் சுத்தத்தில்தான் வினை இருந்திருக்கிறது. நிச்சயப்படுத்திக்கொள்ளக் எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு பத்து, எண்ணெய் படாத கையோடு பத்து நிரப்பி, ஒரு வாரம் வைத்திருந்து நானே சுட்டுப் பார்த்தேன். குளித்த கைத் தோட்டாவில் நான்கு வெடிக்கவில்லை.

இதைச் சுபேதாரிடம் சொல்லப் போனேன். அவர் பலகைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். "தோட்டா போவட்டும் தம்பி. நான் எண்ணினேனே. எதிர்ல பொம்பள நிக்கறா, நான் ரேஞ்சுல நிக்கற மாதிரி எண்ணினேன். உடனே அடுத்தது அழுத்தியிருந்தா அவளுக்கு ஒண்ணும் ஆயிருக்காது" என்றார். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமலே சைக்கிளை எடுத்தேன். அடுத்த வருஷம் அவர் வேலையை விட்டு ஊருக்குப் போனார். தப்பு முழுவதும் தன்னுடையது என்றே நினைத்துக்கொண்டு போனார். கோழைத்தனம் என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்பட்டதில்லை.

மோர்க்காரம்மா ஒரு மாதத்தில் திரும்பி வந்தார். எங்கள் வரிசையில் பாதிப் பேர் அவரிடம் மோர் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். நான் என் மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், நாம் வாங்க வேண்டும் என்று. அதோடு ஒரு காரியம் செய்தேன். ஷிஃப்ட் இல்லாத காலை எல்லாம் அவர் வந்ததும் நானே ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "வெயில்ல வர்றீங்க, குடிங்கம்மா" என்பேன். அவர் அண்ணாந்து ஊற்றிக்கொள்வார். அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். கடைசி மடக்கு உள்ளே போனதும்தான் எனக்கு மூச்சு வரும். நான் ஷிஃப்ட் போகும் நாளில் மனைவி கொடுப்பாள். வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி, "தண்ணி குடிச்சாங்களா?"

"உங்களுக்கு அந்தம்மா மேல என்னங்க இவ்ளோ கரிசனம்?" என்று அவள் கிண்டல் செய்வாள். நான் சிரித்து வைப்பேன். அவர் ஒருநாள் இருமினாலும் இன்னொரு சொம்பு தண்ணீரை நீட்டுவேன். கனவில் நாய் வந்ததில்லை. 'டிக்' என்ற சத்தம் மட்டும் வரும். கேட் தாழ்ப்பாள் விழுந்தால்கூட வாய் தானாக ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கிவிடும்.

இப்படியே மூன்று வருஷம் போயிற்று. எனக்குப் பிரமோஷன் வந்து டவுன்ஷிப்பின் மறுகோடியில் வேறு பிளாக்கில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. சாமான்கள் எல்லாம் லாரியில் ஏறிவிட்டன. மோர்க்காரம்மா வந்து கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்.

"இன்னாங்க, இன்னிக்குத் தண்ணி இல்லிங்களா?"

"சொம்பெல்லாம் கட்டியாச்சும்மா."

"போவட்டுங்க. பெத்த புள்ளகூட இப்டி மறக்காம குடுக்காது. எங்க போனாலும் நல்லாருக்கணும் நீங்க."

அந்த வாழ்த்தைத் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்தத் தோட்டா நான் செய்தது, எண்ணெய்க் கையால் கெட்டது, தெரிந்த பிறகும் சொல்லாமல் இருந்தது எல்லாம். "உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்துதாம்மா தினமும் தண்ணி குடுத்துப் பாத்தேன்" என்றேன்.

அவருக்குத் தோட்டா பெரிதாகப் படவில்லை. "அது யாருக்குத் தெரியும். நாயி கடிச்சிது, நான் சாவல" என்றார். பிறகு சும்மாட்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"அந்த வருசம் எங்க ஊர்ல வூட்டுக்கு வூடு கூப்ட்டுத் தண்ணி குடுத்தாங்க. குடிக்க சொல்லோ என் தொண்டயவே பாத்துக்கினு நிப்பாங்க. என் மருமவளும் அப்டித்தான். இந்த ஒரு வூட்லதான் தாகத்துக்குக் குடுக்கறாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

எப்போதும் கூடையைத் தூக்கிவிட என் மனைவியை அழைப்பார். அன்று முழங்காலை ஊன்றித் தானே தலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்.

புது குவார்ட்டர்ஸுக்கு அவர் மோர் கொண்டுவரவில்லை. தூரம்தான் காரணம் என்று மனைவியிடம் சொல்லி வைத்தேன். ஒருநாள் பழைய பிளாக்குக்குப் போய்வந்தவள், அந்தம்மாவைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறார், இன்னும் மோர் விற்கிறார் என்றாள். உங்கள் ஞாபகமாக அங்கே ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன், வேண்டாம் என்றுவிட்டார் என்றாள். இப்போதெல்லாம் எவ்வளவு வெயிலாக இருந்தாலும் அவர் யார் வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லையாம்.