இறாலுக்கு வைத்திருந்த ஐஸ்

மகளை இன்டர்வியூவுக்காகப் பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு என் பழைய காரில் அழைத்துப் போனேன். பஸ் ஸ்டாப்பில் இறால் கூடையோடு நின்ற செல்வியக்கா கை காட்டினார். மகளின் புதுச் சுடிதாரில் வாடை ஏறிவிடுமே என்று, பார்க்காதவன்போல் ஓட்டிக்கொண்டு போய்விட்டேன்.

திருப்பாலைவனம் வருவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. பானெட்டைத் திறந்தால் ஒரே ஆவி. ரேடியேட்டர் டியூப் வெடித்து, தண்ணீரெல்லாம் ஒழுகியிருந்தது. வெடிப்பை ரப்பர் துண்டால் இறுக்கிக் கட்டினேன். ஊற்றத்தான் தண்ணீர் இல்லை; குடிக்க வைத்திருந்த ஒரு பாட்டில் எந்த மூலைக்கு? பக்கத்து ஓடையில் கிடந்தது உப்புத் தண்ணீர். அது இன்ஜினையே அரித்துவிடும்.

பின்னால் வந்த ஷேர் ஆட்டோவிலிருந்து செல்வியக்கா எட்டிப் பார்த்தார்.

“இன்னாபா, வாடை ஆவாத வண்டி ஆவி வுடுது?”

“தண்ணி இல்லக்கா. பொண்ணுக்கு இன்டர்வியூ.”

அவர் சிரிப்பு நின்றது. இறங்கி, ஆட்டோவை அனுப்பிவிட்டு, இறால்மேல் கட்டி வைத்திருந்த ஐஸ் பையைப் பிரித்து என் பக்கெட்டில் கொட்டினார்.

“அக்கா, இறால் கெட்டுடுமே!”

“வெயில் ஏறதுக்குள்ள என்னிய மார்க்கெட்ல வுட்டுடு, போதும்.”

இன்ஜின் ஆறும்வரை, ஐஸ் உருகும்வரை, மூன்று பேரும் மரநிழலில் நின்றோம். பிறகு, உருகிய தண்ணீரோடு பாட்டில் தண்ணீரையும் சேர்த்து ஊற்றினேன். வண்டியை எடுத்த பிறகும் முள் இறங்கியே நின்றது.

“மொதல்ல மார்க்கெட்டுக்கு வுடு நைனா,” என்றாள் மகள். கூடையை அவளே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு இடத்துக்கும் நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம்.

இப்போதெல்லாம் காலையில் வண்டி எடுக்குமுன் ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்கிறேன். அப்புறம், பின் சீட்டில் ஒரு கோணியை விரித்து வைக்கிறேன்.