சாகாத இராட்சசி

மகளின் கைபேசியில் ஒரு மாயக்கதை ஒலிநூலாக ஓடிக்கொண்டிருந்தது. இராட்சசி பேசும் இடத்தில் வாசிப்பவர் கரகரத்த குரலில் உறுமினார். மகள் நடுங்கினாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

சின்ன வயதில், நெளுக்குளத்து வீட்டில் நாங்கள் கச்சான் கடலை உடைக்கும்போது அப்பா கதை சொல்வார். இளவரசனுக்கு ஒரு குரல், கிளிக்கு ஒரு குரல். இராட்சசிக்கு மட்டும் எப்போதும் அம்மாவின் குரல். பிடிபட்ட இளவரசனிடம் அவள், "கால் கழுவிப்போட்டு வா, உன்னைத் தின்னப்போறன்" என்பாள்.

வெங்காயம் வதக்கும் மணத்தோடு அம்மா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்ப்பார்.

"அது ஆற்ற குரல்?"

"இராட்சசியின்ர குரல்" என்பார் அப்பா. கச்சான் கோது பறக்கச் சிரிப்போம்.

முறைப்பாரே தவிர, கதை முடியும்வரை அம்மா வாசலைவிட்டு நகரமாட்டார். ஒருநாள் அவரே கேட்டார்: "எல்லாக் கதையிலயும் இராட்சசி கடைசியில சாகிறாள். உங்கட கதையில மட்டும் ஏன் தப்பி ஓடுறாள்?"

அப்பா கோதுகளைக் கூட்டி அள்ளினார். "இந்தக் குரலை வச்சுக்கொண்டு அவவை எப்பிடிச் சாக்காட்டுறது?"

இப்போது இருவரும் இல்லை. கைபேசியில் ஓர் அலறல் கேட்டு அடங்கியது.

"இராட்சசி செத்திட்டாள் அம்மா" என்றாள் மகள்.

"இல்லைப் பிள்ளை, அவா சாகேல்லை" என்றேன். "போய்க் கால் கழுவிப்போட்டு வா, சாப்பிடுவம்."