ஒரு வரியில் முப்பத்தொன்பது பிரதிகள்

அந்தக் கணினித் தேர்வு மையத்தில் எல்லாருக்கும் அவள் டைப் அக்கா. மானேஜர் அவளைவிட நாலு வயது பெரியவர், அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். இருபது வயதில் தட்டச்சராக வந்து சேர்ந்தவள். டைப்ரைட்டர்கள் மூட்டை கட்டிப் போயின, அவற்றின் இடத்துக்கு வந்த முதல் கம்ப்யூட்டர்களும் போயின, அவள் மட்டும் போகவில்லை. இப்போது நாற்பத்தாறு.

எட்டு வருடம் முன்பு மாடிப்படியில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கட்டுப் பிரித்தபின் விரல்கள் பழையபடி ஓடின. மவுஸைப் பிடித்து இழுத்தால்தான் உயிர் போனது. மவுஸ் இல்லாமல் காலம் தள்ள ஏதாவது வழி உண்டா என்று தேடியபோது கிடைத்ததுதான் அந்தக் கறுப்பு ஜன்னல். அதில் படமும் கிடையாது, பட்டனும் கிடையாது. கட்டளையைத் தட்டி என்டர் அடித்தால் வேலை நடக்கும். தப்பாகத் தட்டினால் தப்பு என்று மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லும், மனசுக்குள் வைத்துக்கொண்டு பிறகு குத்திக்காட்டாது. அக்காவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒரே வருடத்தில் மையத்தின் சர்வர் முழுவதும் அவள் கைக்கு வந்துவிட்டது.

மையத்தில் நாற்பது மேஜைகள். மேஜை மேல் திரையும் கீபோர்டும் மட்டும்தான். நிஜக் கம்ப்யூட்டர் உள்ளறையில் இருக்கும் அந்த ஒரே சர்வர். அதற்குள் நாற்பது விர்ச்சுவல் மெஷின்கள் ஓடும். ஒரே பெரிய வீட்டில் நாற்பது குடித்தனம் மாதிரி. கையால் தொட முடியாது, ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனிக் கம்ப்யூட்டர்தான்.

இதையெல்லாம் கொஞ்சமும் மதிக்காத ஒரே ஆள் அக்காவின் நாத்தனார். பேக்கிங் கம்பெனியில் பதினாறு வருடமாக நின்றுகொண்டே அட்டைப்பெட்டி ஒட்டுகிறவள். "உங்களுக்கென்ன அண்ணி, ஏசி ரூம்ல சும்மா உக்காந்து தட்டுற வேலை" என்பாள். விசேஷ வீடு, ஆஸ்பத்திரி, எங்கே பார்த்தாலும் இதே பாட்டு. அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பேர்ப்பட்ட நாத்தனாருக்கு முழங்கால் வீங்கிப்போய், இனி நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சத்தம் போடாமல் அரசு அலுவலகக் கணினி எழுத்தர் தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டாள். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரோஷம்! வேறு எங்கேயோ ஆறு மாதம் போய்த் தட்டச்சு பழகினாள். வயது வரம்பு நாற்பது, அவளுக்கு முப்பத்தொன்பது முடியப்போகிறது. தேர்வு வருடத்துக்கு ஒருமுறை. ஆக இதுதான் அவளுக்கு முதல் வாய்ப்பு, கடைசி வாய்ப்பும் இதுதான். தேர்வு நடக்கிற இடமோ அக்காவின் மையம்.

அன்று காலை எட்டரைக்கு அக்கா வந்து திரைகளைப் போட்டால் நாற்பதும் பாதியிலேயே முழித்துக்கொண்டு நின்றன. முந்தின சாயங்காலம் தேர்வு வாரியம் அனுப்பிய புது மென்பொருள் நாற்பதிலும் ஏறி நாற்பதையும் கெடுத்துவைத்திருந்தது. தேர்வு பத்து மணிக்கு.

அக்கா பதறவில்லை என்று எழுதினால் அது பொய். ஆனாலும் உட்கார்ந்தாள். ஒன்றாம் நம்பர் மெஷினில் அந்த மென்பொருளைக் கழற்றி, சுத்தம் செய்து, மறுபடி ஏற்றினாள். வேலை செய்தது! மணியைப் பார்த்தாள், எட்டு ஐம்பத்தைந்து. ஒன்றுக்கு இருபத்தைந்து நிமிடம் என்றால் மீதி முப்பத்தொன்பதுக்குப் பதினாறு மணி நேரம்.

"தேர்வைத் தள்ளி வைக்கச் சொல்லிடலாமா அக்கா?" என்றார் மானேஜர். கர்ச்சீப் தெப்பமாக நனைந்திருந்தது.

"தள்ளி வச்சா அடுத்த வருஷம்தான் சார். ஒண்ணு நல்லா இருக்குல்ல? அதையே முப்பத்தொம்பது பிரதி எடுத்துடறேன்."

"இடம் இருக்கா?"

"இல்ல. பழசு முப்பத்தொம்பதையும் அழிச்சாத்தான் இருக்கும்."

"அழிச்சப்புறம் பிரதி வரலேன்னா?"

"நீங்களும் நானும் வெளிய நிக்கிறவங்களோட போய் நிக்கலாம்."

மானேஜர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். அக்கா தட்டினாள். முப்பத்தொன்பதும் இருந்த இடம் தெரியாமல் போயின. இனி திரும்பிப் போக வழியில்லை.

பிரதி எடுக்கும் கட்டளை நீளமானது. ஆனால் அந்தக் கறுப்பு ஜன்னல் எதையும் மறக்காது. மேல் அம்புக்குறியைத் தட்டத் தட்ட, முன்பு அடித்த வரிகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். ஒருமுறை அடித்ததை மறுமுறை அடிப்பது அக்காவுக்குக் கௌரவக் குறைச்சல். போன மாதம் அலுவலக மெஷின் ஒன்றை இதே சர்வரில் வேறு இடத்துக்குப் பிரதி எடுத்து மாற்றிய வரியைப் பிடித்தாள். பெயரை மாற்றினாள். இரண்டிலிருந்து நாற்பது வரை நீயே எண்ணிக்கொண்டு செய் என்று முன்னால் ஒரு துண்டு சேர்த்தாள். என்டர்.

பத்து சதவீதம், இருபது, முப்பது... நூறு. இரண்டாம் நம்பர் பிறந்தது! நாற்பது விநாடி! அடுத்து மூன்றாம் நம்பர் தானாகவே தொடங்கியது. அக்கா கையைக் கட்டிக்கொண்டாள். மானேஜர் ஒவ்வொரு நூறுக்கும் சின்னப்பிள்ளை மாதிரி குதித்தார். "பதினொண்ணு! அக்கா, பதினொண்ணு!" என்று அவர் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒன்பது இருபத்தெட்டுக்கு நாற்பதாம் நம்பரும் முடிந்தது.

தேர்வு அதிகாரி வந்து உட்கார்ந்தார். அவருடைய லேப்டாப்பில் நாற்பது மெஷின்களும் வரிசையாகப் பதிவானால்தான் கேள்வித்தாளைத் திறப்பார். கையில் தேர்வு ரத்துப் படிவமும் தயாராக இருந்தது.

"பத்துக்கு நாப்பதும் வரணும். ஒண்ணு குறைஞ்சாலும் நான் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பிடுவேன்."

அக்கா எல்லாவற்றையும் ஓடவிட்டாள். நாற்பது திரையும் ஒளிர்ந்தன. அதிகாரியின் பட்டியலில் ஒரு வரி வந்தது. மறைந்தது. மறுபடி அதே ஒரு வரி வந்தது. ஐந்து நிமிடம் பார்த்தும் அந்த ஒற்றை வரிதான் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, நாப்பதுன்னீங்க, ஒண்ணுதான் வருது?"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே வரிசை நின்றது. அதில் நாத்தனார் மட்டும் சுவரில் சாய்ந்து ஒரு காலைத் தூக்கி வைத்திருந்தாள். கையில் நுழைவுச்சீட்டு. அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த வீங்கிய முழங்காலைப் பார்த்ததும் அக்காவுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. இவள் இன்றைக்கு எழுதியே ஆகவேண்டும். அவ்வளவுதான்.

உள்ளறைக்கு ஓடினாள். மேல் அம்புக்குறியைத் தட்டி, தான் ஓட்டிய வரியை இந்தமுறை வாய்விட்டு, எழுத்து எழுத்தாகப் படித்தாள். வரியின் வாலுக்கு வந்ததும் வாய் நின்றது. 'நெட்வொர்க் எண்ணை மாற்றாதே, பழையதையே வைத்துக்கொள்.' போன மாதம் அது தேவைப்பட்டது. இடம் மாறிய மெஷின் அது ஒன்றுதான். இன்றைக்கு அதே வாலோடு முப்பத்தொன்பது பிரதி எடுத்தால்? நாற்பதுக்கும் ஒரே அடையாள எண்! ஒன்று உள்ளே போனால் இன்னொன்றை வெளியே தள்ளுகிறது.

"அட மடச்சி!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டும்போதே சிரிப்பும் வந்தது, சந்தோஷம் பீறிட்டு வந்தது. வியாதி தெரிந்துவிட்டதே!

மணி ஒன்பது நாற்பத்தேழு. இந்தமுறை மேல் அம்புக்குறியின் பக்கமே விரல் போகவில்லை. முதல் எழுத்திலிருந்து புதிதாகத் தட்டினாள். இரண்டிலிருந்து நாற்பது வரை நிறுத்து, ஒவ்வொன்றுக்கும் புது எண் கொடு, மறுபடி ஓடவிடு. வாலிலிருந்து தலைவரை ஒருமுறை படித்தாள். என்டர்.

அதிகாரியின் பட்டியலில் இரண்டாவது வரி வந்தது. நின்றது! மூன்றாவது, நான்காவது, பிறகு கொத்துக்கொத்தாக. மானேஜர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தவர், விரல் போதாமல் மேஜையைத் தட்டி எண்ணத் தொடங்கினார். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. அத்தோடு நின்றுபோயிற்று. ஒன்பது ஐம்பத்தேழு. அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"சார், ஒரு நிமிஷம். அது கடைசியாக் கிளம்பினது சார், வந்துடும்" என்றாள் அக்கா.

வந்தது. நாற்பது! மானேஜர் அதிகாரியின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினார். அதிகாரியும், ஏன் என்று தெரியாமலே, சிரித்துவிட்டார். கதவு திறந்தது.

தேர்வு முடிய மதியம் ஒரு மணி ஆயிற்று. நாத்தனார் நேராக அக்காவிடம் வந்தாள். முகமெல்லாம் வெளிச்சம்.

"அண்ணி, அத்தனையும் முடிச்சுட்டேன்! ஸ்க்ரீன் ஒரு தடவைகூட நிக்கலை." பிறகு பழைய குரல் திரும்பிவிட்டது. "அப்பப்ப கண்ணாடி வழியாப் பாத்தேன். கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தீங்க. இன்னிக்கு உங்களுக்கு வேலையே இல்லபோல."

மானேஜர் பொங்கிக்கொண்டு வாயைத் திறந்தார். அக்கா அவரைக் கையமர்த்தினாள்.

"ஆமாம்மா. இன்னிக்கு வேலையே இல்லை."

நாத்தனார் குனிந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "நானும் ஒருநாள் இப்படி உக்காரணும் அண்ணி."

அக்காவுக்குக் காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. எழுந்து, தன் நாற்காலியை நாத்தனார் பக்கம் தள்ளினாள்.

"எதுக்கு ஒருநாள்? இப்பவே உக்காரு."